மறியல் சீட்டு

நீலமேகத்துக்கு உட்காரத் தெரியாது என்று அவன் மனைவி கமலவல்லி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சோற்றுத் தட்டின் முன்னால்கூட ஒரு கால் எழுந்துகொள்ளத் தயாராக இருக்கும். அறுவடை மிஷின் ஓட்டுகிற பருவத்தில் இருக்கை ஓயாமல் அதிர்வதால் அதில் மட்டும் பொருந்தியிருப்பான். மற்ற நாட்களில் வாய்க்கால் மதகு வரை நடப்பான், தண்ணீர் வரவில்லை என்று பார்ப்பான், திரும்பி வருவான். வீட்டு வாசலை மிதித்ததும், தான் நடந்துவந்த நேரத்தில் தண்ணீர் வந்திருக்குமோ என்று தோன்றும். மறுபடி கிளம்புவான்.

அவன் அசையாமல் உட்கார்ந்த இடம் இன்னொன்று உண்டு. திருத்துறைப்பூண்டியில் மீரா உசேனின் ஃபிளெக்ஸ் கடைக்குப் பின்கட்டில், மை டப்பாக்களுக்கு நடுவே கிடந்த மேசை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். கடைக்காரர் மீரா உசேன் ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு கழகத்துக்கும் அவரே பேனர் அடிப்பார். ஆட்சி மாறினால் அவர் கடையில் எந்த மை சீக்கிரம் தீர்கிறது என்பது மட்டும் மாறும். காளியம்மாள் நாகப்பட்டினத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து, சந்தையில் மீன் விற்று முடித்து, திரும்பும் பஸ் வரை அங்கே பொழுதைத் தள்ளுபவள். அக்னஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மாதா கோவிலில் பூசை முடித்து நேரே வருவார். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் விசில் தொங்கும். நாலாவது ஆள் நீலமேகம்.

தொடக்கத்தில் அவர்கள் ஆடியது மீரா உசேனின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆட்டம். ஒரு தீவில் சாலை போட்டு வீடு கட்ட வேண்டும். இங்கிலீஷில் இருந்த விதிகளை டீச்சர் படித்துச் சொன்னார். அவர் ஒரு வரி படித்தால் நீலமேகம் அதில் நாலு கேள்வி கேட்பான். "தம்பி, வீடு கட்டுறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்" என்பாள் காளியம்மாள். சில மாதங்களில் தீவு அலுத்துவிட்டது. செம்மறி ஆட்டையும் செங்கல்லையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஆடுவது? நீலமேகம் சொந்தமாக ஓர் ஆட்டம் செய்தான்.

அதற்கு மடை ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். பலகை முழுக்க ஆறும் வாய்க்காலும் சாலையும் வயலும். ஆளுக்கு ஒரு மதகு, ஒரு காய். தண்ணீர்க் குப்பியின் நீல மூடிகள்தான் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் தலைமடைக்காரர் முதலில் எடுப்பார், மிச்சம் இறங்கி இறங்கிக் கடைமடைக்குப் போகும். கையில் சீட்டுகள் இருக்கும். மழைச் சீட்டு, விதைநெல் சீட்டு, பேச்சுவார்த்தைச் சீட்டு, போலீஸ் சீட்டு, மறியல் சீட்டு. ஊர் வயல்களில் எண்ணெய்க் குழாய் பதிக்க வந்த பிறகு சட்டையில் தைக்கிற கறுப்புப் பொத்தான்களையும் நீலமேகம் சேர்த்தான். பொத்தான் விழுந்த வயல் சில சுற்றுகளுக்கு விளையாது.

அந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் குத்தகைக்கு உழுத ஐந்து மா நிலத்தின் குறுக்கே அந்த வருடம் குழாய் பதிக்கக் கல் நட்டுவிட்டார்கள். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்துகொண்டே இழப்பீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குத்தகைக்காரனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சில நாட்கள் சாலையையே மறித்தார்கள். போலீஸ் வந்து படம் பிடித்தது, பெயர் எழுதியது, சிலரைப் பிடித்துப் போனது.

நீலமேகம் அந்தப் பக்கம் போகவில்லை. கத்தாரில் கிரேன் ஓட்டும் வேலை ஒன்று அவனுக்குப் பேசி முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். அதன் விசாரணை அவன் ஊர் ஸ்டேஷனில் இருந்தது. வழக்கில் ஒரு முறை பெயர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் பந்தல் இருக்கும் சாலையை விட்டுவிட்டு, ஆற்றுக்கரை வழியாகச் சுற்றி டவுனுக்குப் போனான். அப்படிச் சுற்றிப் போகும் நாட்களில் அவனுடைய நடை இன்னும் வேகமாக இருந்தது. யாரோ பின்னால் கூப்பிடுவதுபோல அடிக்கடி திரும்பிப் பார்ப்பான்.

வினை ஃபிளெக்ஸில் வந்தது. ஆடி ஆடி அட்டைப் பலகை நைந்துபோனதால் புதிதாக ஒன்று அடித்துத் தருவதாக மீரா உசேன் ஏற்றுக்கொண்டார். ஃபிளெக்ஸ் சுருள் அகலமானது. பேனர் அடித்தால் ஓரத்தில் ஒரு துண்டு வீணாகும். அந்த வீணாகும் ஓரத்தில் ஆட்டப் பலகையை வைத்து, பந்தலுக்காக ஊர்க்காரர்கள் கேட்ட பேனரோடு ஒரே அடியாக அடித்துவிட்டார். யார் எங்கே உட்காருவது என்று வாராவாரம் சண்டை வந்ததால், நாலு மூலையிலும் நாலு பெயரையும் போட்டிருந்தார். தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. வெட்டிப் பிரிக்க மறந்து, சுருட்டி அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார்.

மறுநாள் பந்தலின் முகப்பில் அது தொங்கியது. 'எங்கள் மண் எங்கள் உரிமை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஆறு, சாலை, மதகுகள். சாலையின் நடுவே ஒரு வட்டம், அதில் 'மறியல்'. இன்னொரு வட்டத்தில் 'போலீஸ் வரும் வழி'. மேல் மூலையில் கொட்டை எழுத்தில்: 'தலைமடை – நீலமேகம்.'

சாயங்காலமே ஸ்டேஷனிலிருந்து மீரா உசேனுக்கு ஏட்டு போன் செய்தார். நாலு பேரும் காலையில் இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும். இது விளையாட்டுப் பலகை என்று மீரா உசேன் விளக்கிச் சொன்னார்.

"நானும் அதத்தான் பாய் சொன்னேன். ஐயா நம்ப மாட்டேங்கிறாரு. அவரு பையன் சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். இதே மாதிரி ஆட்டம் ஆடுற கூட்டமாம். அவனுங்களப் பாத்தாலே தெரியுமாம். சோடாபுட்டி கண்ணாடி, கறுப்பு பனியன், ஆளு முகத்தப் பாத்துப் பேச மாட்டான், ஆட்டத்த விட்டா வேற எதுவும் தெரியாத முழுப் பழம். மீன்காரம்மாவும் மிஷின் டிரைவரும் இத ஆடுறாங்கன்னா யாருக்குக் காது குத்துறீங்கன்னு கேக்குறாரு."

மீரா உசேன் மற்ற மூவரையும் அன்றைக்கே கடைக்கு வரச் சொன்னார். நீலமேகம் உள்ளே வந்ததும் மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.

"நில்லுய்யா, தலை சுத்துது" என்றாள் காளியம்மாள்.

"எனக்கு பாஸ்போர்ட்டு அந்த ஸ்டேஷன்லதான் கெடக்குக்கா. அதே மேசையில."

"அதுக்குத்தான் சொல்றேன், கேளுங்க" என்றார் மீரா உசேன். "அவரு பேச்ச வச்சு நம்ப மாட்டாரு, ஆளப் பாத்துதான் நம்புவாரு. நாம அவரு பையன் மாதிரி இருக்கணும். தம்பி, என் பழைய கண்ணாடி இருக்கு, போட்டுக்க. மீசையக் கொஞ்சம் குறைச்சுக்க. டீச்சர், விசில் வேணாம். காளியம்மா, நீ வாயத் தொறக்காத."

"வாயத் தொறக்காம நான் என்னைக்கு இருந்தேன்?"

"நாளைக்கு ஒரு நாள். மறியல் சீட்டப் பத்திக் கேட்டா, அது ஓய்வுச் சீட்டு மாதிரின்னு டீச்சர் சொல்லுவாங்க. ஒரு சுற்று சும்மா இருக்கணும், அவ்வளவுதான். வேற யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. தம்பி, முக்கியமா நீ."

நீலமேகம் தலையாட்டினான். மறியல் சீட்டின் விதி அப்படியில்லையே என்று அப்போதே அவனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் தலையாட்டினான்.

மறுநாள் காலை, மீரா உசேனின் கண்ணாடி வழியாக ஸ்டேஷன் படிகள் அவனுக்கு வளைந்து தெரிந்தன. ஒரு படிக்கு இரண்டு படியாகக் கால் வைத்துத் தடுமாறினான். இன்ஸ்பெக்டர் துரைராசு நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. மேசையில் அந்த ஃபிளெக்ஸின் படம், பெரிதாக்கி எடுத்தது, விரித்துக் கிடந்தது.

"இதுல தலைமடை யாருய்யா?"

"நான்தான் சார்."

"கையைக் காட்டு." நீலமேகம் காட்டினான். காய்ப்பு ஏறிய, கிரீஸ் போகாத கைகள். "இந்தக் கையால போர்டு கேம் ஆடுற?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார்."

"கண்ணாடி எப்பலேர்ந்து?"

நீலமேகம் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டான். "நேத்துலேர்ந்து" என்றாள் காளியம்மாள். மீரா உசேன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "சனிக்கிழமை ஆனா ஒரு கூட்டம் வரும். ஒருத்தனுக்கும் வெயில்னா என்னன்னு தெரியாது. அவனுங்க ஆடுறதுதான் இது. நீங்க மறியலுக்கு ஆள் பிரிச்சிருக்கீங்க. மதகுக்கு ஒருத்தர், ரோட்டுக்கு ஒருத்தர். இல்லைன்னா எங்க முன்னாடி ஆடிக் காட்டுங்க."

மீரா உசேன் பையிலிருந்து மூடிகளையும் காய்களையும் சீட்டுகளையும் எடுத்தார். படத்தையே பலகையாக்கி ஆடத் தொடங்கினார்கள். நாலு பேரும் அவரவர் முறைக்கு மூடியை எடுத்து, பேசாமல் வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆட்களைப்போல் இருந்தது ஆட்டம். இன்ஸ்பெக்டரின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவர் குனிந்து, நடுவட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"அது சும்மா சார்" என்றார் அக்னஸ் டீச்சர். "ஓய்வு மாதிரி. அந்தச் சீட்டு விழுந்தா ஒரு சுற்று யாரும் ஆட மாட்டோம். அவ்வளவுதான்."

நீலமேகம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பாஸ்போர்ட், பாஸ்போர்ட் என்று மனதுக்குள் சொன்னான். கத்தார் என்று சொன்னான். இன்ஸ்பெக்டர், "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான் சார்."

"அப்படி இல்ல சார்" என்றான் நீலமேகம்.

மீரா உசேன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். அதற்குள் அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டான்.

"மறியல் போட்டா எல்லாருக்கும் தண்ணி நிக்கும், சரி. ஆனா போட்டவன் தன் காயையும் கொண்டாந்து ரோட்டுல நிறுத்தணும். நிறுத்தினா அடுத்த சுற்றுல தண்ணி அவன் மதகுலேர்ந்து ஆரம்பிக்கும். நிறுத்தலைன்னா அவனுக்கு அடுத்த சுற்று ஒரு மூடிகூடக் கெடையாது. இதுதான் சார் விதி. ஓய்வு இல்ல."

"அது நீ சொல்ற விதி" என்றார் டீச்சர். ஓய்வுச் சீட்டு என்று சொல்ல வந்தவர் அதை மறந்துபோனார். "ஏற்கெனவே எல்லாருக்கும் தண்ணி நின்னு போச்சு. போட்டவங்களுக்கும் சேத்துத்தான் நின்னுச்சு. அப்புறம் காயையும் நிறுத்தணும்னா ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையா?"

"தண்டனை இல்ல டீச்சர். நின்னாத்தான் அது மறியல்."

"தலைமடையில இருந்துகிட்டு நீ பேசுவ" என்று காளியம்மாள் புகுந்தாள். "உனக்கு ஒரு சுற்று போனா என்ன, அடுத்த சுற்று மொத மூடி உனக்குத்தான. கடைமடையில இருக்குறவ காயக் கொண்டுபோயி ரோட்டுல நிறுத்தினா, அந்த நேரத்துல போலீஸ் சீட்டு விழுந்தா, காயே போச்சு."

"அதுக்குத்தானக்கா பேச்சுவார்த்தைச் சீட்டு."

"அது எம்புட்டு நேரம் கழிச்சு வரும்?"

"இருங்க, இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்று நாலு பேரும் சொன்னார்கள். மீரா உசேனும் சேர்ந்துதான் சொன்னார். அவருக்கும் அந்த விதியில் ஒரு சொந்தக் கருத்து இருந்தது. போலீஸ் சீட்டும் மறியல் சீட்டும் ஒரே சுற்றில் விழுந்தால் எது முதலில் செல்லும் என்பதை ரம்ஜானுக்கு முன்னாலிருந்தே அவர் கேட்டு வருகிறார், இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது அதை எடுத்துப் போட்டார். டீச்சர் எழுந்து நின்று, விசில் இல்லாத இடத்தில் கையைக் கொண்டுபோனார். வாசலில் நின்ற ஏட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்து, "கடைமடை காய் எது?" என்று மெதுவாகக் கேட்டார்.

துரைராசு நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய முகம் தளர்ந்திருந்தது.

"போதும்யா. நம்புறேன்" என்றார். "என் பையன் வந்தா சோறு ஆறிப்போற வரைக்கும் இப்படித்தான். ஒரு ரூலப் புடிச்சுகிட்டு உசிர வாங்குவான். கண்ணாடிதான் இல்ல. மத்ததெல்லாம் அதே பழம்தான் நீங்களும்."

அத்தோடு எல்லோரும் எழுந்திருக்கலாம். ஆனால் காளியம்மாளுக்கு வாதம் முடியவில்லை.

"நின்னாத்தான் மறியல்னு சொல்றியே" என்றாள் நீலமேகத்தைப் பார்த்து. "நீ நின்னியா? உன் குத்தகை நெலத்து மேலதான குழாய் போவுது. ஊரே பந்தல்ல கெடக்கு. எங்க கடக்கரையிலேர்ந்து நாங்ககூட ஒரு நா வந்து உக்காந்துட்டுப் போனோம். உன் தலையக் காணுமே தம்பி."

நீலமேகம் மேசையில் கிடந்த மூடிகளைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

"அப்ப இவன் மறியலுக்கே வரலையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மீரா உசேன் பாய்ந்து பதில் சொன்னார். "வரல சார். ஒரு நாள்கூட வரல. பந்தல் பக்கமே போகல. ஆத்துக்கரையாலதான் சுத்திப் போவான். நாங்க சாட்சி சார்."

"அப்படியா." துரைராசு ஒரு தாளை இழுத்தார். "பாஸ்போர்ட் போட்டிருக்கல்ல? போராட்டம் எதுலயும் கலந்துக்கலைன்னு நானே எழுதி அனுப்பிடுறேன். நல்ல புள்ளையா இருந்திருக்க. ஒண்ணு மட்டும் செய். போற வழியில அந்தப் பேனர்லேர்ந்து உங்க ஆட்டத்த வெட்டி எடுத்துட்டுப் போயிடு. நாளைக்கு மேலதிகாரி வர்றாரு, அவருக்கெல்லாம் என்னால விதி சொல்லிகிட்டிருக்க முடியாது."

வெளியே வந்ததும் மீரா உசேன் அவன் தோளில் தட்டினார். "முடிஞ்சுது தம்பி. கத்தார்." டீச்சரும் சிரித்தார். காளியம்மாள் மட்டும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா" என்றாள்.

நல்ல பிள்ளை என்ற சொல் நீலமேகத்தின் காதிலேயே நின்றது. இத்தனை நாள் நெஞ்சில் மறைத்து வைத்திருந்ததை மூன்று பேர் சாட்சியோடு தாளில் எழுதிவிட்டார்கள். அதுதான் இனி அவனுக்கு நற்சான்று. மீரா உசேன் பையில் வைத்திருந்த கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு நடந்தான். இந்த முறை ஆற்றுக்கரைப் பாதை இல்லை. பந்தல் அந்தச் சாலையில்தான் இருந்தது.

பந்தலில் அவன் ஊர்க்காரர்கள் சிலர் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நீலமேகம் பேனரின் ஓரத்தைப் பிடித்தான். சீக்கிரம் வெட்டினால் சீக்கிரம் போய்விடலாம். வேலையாகத்தான் வந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டரே அனுப்பினார்.

கத்திரிக்கோல் மேலிருந்து கீழே நேராக ஓடியது. ஆட்டப் பலகை தனியாக அவன் கைக்கு வந்தது.

"ஏ, வெட்டாதய்யா" என்றார் உள்ளேயிருந்து அய்யாவு. பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழுதவர் அவர். அவர் வயலிலும் கல் நட்டிருந்தது. "ரெண்டு நாளா அதத்தான் பாத்துகிட்டு கெடக்கோம். கீழ்மூலையில கடைமடைன்னு போட்டிருக்க, அவனுக்கு எப்பத்தான் தண்ணி வரும்? நாங்களும் எப்படியெப்படியோ யோசிச்சுப் பாத்துட்டோம்."

"வரும் மாமா. அதுக்கு ஒரு சீட்டு இருக்கு."

"என்ன சீட்டு?"

நீலமேகம் சாலையைப் பார்த்தான். செல்போன் இன்னும் பந்தலின் பக்கமே திரும்பியிருந்தது. நின்றபடியே பதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். நின்றபடி சொன்னால் அவர்களுக்குப் பலகை தெரியாது. அவன் செருப்பைக் கழற்றினான். தார்ப்பாயில் ஏறி, ஃபிளெக்ஸை நடுவில் விரித்து, சுருண்ட மூலைகளில் தண்ணீர்க் குப்பிகளை வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கினான். போலீஸ்காரர் சாலையைக் கடந்து பக்கத்தில் வந்து, முகம் தெரியும்படி எடுத்தார். நீலமேகம் நிமிரவில்லை. கடைமடைக்காரன் எப்போது மறியல் போட வேண்டும், போட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்துகொள்ளக் கால் பரபரக்கவில்லை. சாயங்காலம் போலீஸ் வந்து பெயர் எழுதியபோது தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் கமலவல்லியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதிய நற்சான்றைச் சொன்னான். அப்புறம் பந்தலில் பெயர் எழுதியதையும் சொன்னான். அவள் உலையில் அரிசியைப் போட்டாள். கத்தாருக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த புதுப்பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"பந்தல்ல நின்னீங்களா, உக்காந்தீங்களா?" என்று கேட்டாள்.

"உக்காந்தேன்."

"எம்புட்டு நேரம்?"

"பொழுது சாயுற வரைக்கும்."

கமலவல்லி அகப்பையால் உலையைக் கிளறினாள். "கட்டிகிட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு நா அப்படி உக்காந்து காட்டினதில்ல" என்றாள். பிறகு தட்டை எடுத்து வைத்தாள்.